கூழாங்கற்களும் கடலலையும்

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் கி.மு. 384-ஆம் ஆண்டில் டெமாஸ்தனிஸ் பிறந்தார். அவருடைய தந்தை வாள் செய்யும் பட்டறை வைத்திருந்த செல்வந்தர். டெமாஸ்தனிஸுக்கு ஏழு வயதானபோது தந்தை இறந்தார். சொத்தைக் காக்க வேண்டிய பாதுகாவலர் மூவரும் அதன் பெரும்பகுதியை அழித்துவிட்டனர்.

ஏதென்ஸில் வழக்குத் தொடுப்பவர் தாமே மன்றத்தில் பேச வேண்டும். டெமாஸ்தனிஸுக்கோ நா திருந்தவில்லை. மெலிந்த குரல்; குறுகிய மூச்சு; ரகரமும் சரியாக வராது. பேச்சுக்கலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது! ழகரத்தோடு போராடியவர்களுக்கு அவர் பட்ட பாடு ஓரளவு புரியும். ஆயினும், இருபதாம் வயதில் அவர் வழக்காடி வென்றார். இழந்ததில் சிறு பகுதியே கைக்கு வந்தது.

பின்னர், மக்கள் அவையில் பேசியபோது கூட்டத்தினர் கூச்சலிட்டுச் சிரித்தனர். மற்றொரு முறையும் தோற்று, தலையை மூடிக்கொண்டு வீடு திரும்பிய அவரைச் சாட்டிரஸ் என்னும் நடிகர் பின்தொடர்ந்தார். டெமாஸ்தனிஸை ஒரு நாடகப் பகுதியைச் சொல்லச் செய்து, அதையே தாமும் உணர்ச்சியோடு சொல்லிக் காட்டினார். சொற்கள் அவையே, கேட்பதற்கோ முற்றிலும் வேறாக இருந்தது.

டெமாஸ்தனிஸ் நிலத்தடியில் ஓர் அறை அமைத்துப் பயிற்சியில் இறங்கினார். வெளியே செல்ல மனம் வராதிருக்கத் தலையின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொண்டார். வாயில் கூழாங்கற்களை இட்டுத் தெளிவாக ஒலிக்கப் பழகினார். மேட்டில் ஏறியபடியே செய்யுள் ஒப்பித்தார். அலை இரையும் கடற்கரையில் நின்று உரக்கப் பேசினார். இவை கட்டுக்கதை போலத் தோன்றலாம். ஆனால், கூழாங்கற்களைப் பற்றி முதுமையில் டெமாஸ்தனிஸே கூறியதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

எனினும், முன்கூட்டியே எழுதி ஆயத்தம் செய்யாமல் பேச அவர் தயங்கினார். கி.மு. 346-இல் மாசிடோனிய மன்னர் பிலிப்பின் முன் தூதராக நின்றபோது, அவருடைய பேச்சு பாதியில் தடைப்பட்டதாக உடன் சென்ற எஸ்கினிஸ் கூறியுள்ளார். எஸ்கினிஸ் அவருடைய அரசியல் எதிரி என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்தப் பிலிப்பால் ஏதென்ஸின் விடுதலைக்கு ஆபத்து வரும் என்று கி.மு. 351 முதலே டெமாஸ்தனிஸ் எச்சரித்து வந்தார். அவருடைய பேச்சால் தீப்ஸ் நகரமும் ஏதென்ஸுடன் சேர்ந்தது. ஆனால், கி.மு. 338-இல் கெரோனியாவில் நடந்த போரில் இரு நகரங்களும் தோற்றன. போருக்குத் தூண்டியவர் என்று மக்கள் அவரை வெறுத்து ஒதுக்கவில்லை. மடிந்த வீரர்களுக்கு இறுதி உரை ஆற்ற, அவரையே தேர்ந்தெடுத்தனர்.