குறி தவறும் காரணம் கண்ட பெஞ்சமின் ராபின்ஸ்

துப்பாக்கி பிடித்தவன் குறி தவறினால் உலகம் அவன் கையைப் பழிக்கும், கண்ணைப் பழிக்கும். கை நடுங்காத வீரனும், கண் மங்காத வீரனும் ஏன் குறி தவறுகிறார்கள் என்ற கேள்வியைப் பல தலைமுறைகளாக எவரும் தீர விசாரிக்கவில்லை. அதை விசாரித்து, அளந்து, விடை கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித நிபுணர். அவருடைய ஆவி பிரிந்தது நமது சோழமண்டலக் கரையில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் என்பதை நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே.

ராபின்ஸ் 1707-ம் வருஷம் இங்கிலாந்திலுள்ள பாத் நகரில் பிறந்தார். பெற்றோர் செல்வர் அல்லர். அவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவினர். ஆயுதம் எடுப்பதையே பாவமென்று விலக்குபவர்கள். அக்குடியில் தோன்றிய பிள்ளை ஆயுத சாஸ்திரத்திற்கு ஆதாரமிட்டது விதியின் விளையாட்டு என்றே சொல்ல வேண்டும். பெரும்பாலும் தாமே முயன்று கற்ற அவர் லண்டனுக்குச் சென்று, மாணவர்களுக்குக் கணிதம் போதித்து ஜீவித்தார். 1727-ல், இருபது வயதளவில், ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத்துப் பீரங்கி சாஸ்திரிகள் கலிலியோ வகுத்த வழியைப் பின்பற்றி, குண்டு ஒரு பரவளையக் கோட்டில் செல்லும் என்று கணக்கிட்டனர். காற்றின் தடையை அவர்கள் பொருட்படுத்தவில்லை. அந்தக் கணக்கின்படி பதினாறு மைல் போக வேண்டிய 24 ராத்தல் குண்டு, உண்மையில் மூன்று மைல் தூரமும் எட்டுவதில்லை. ஏட்டிலுள்ள கணக்குக்கும் களத்திலுள்ள நடப்புக்கும் இத்துணை பேதம் இருந்தும், அதைக் கேட்பாரில்லை.

ராபின்ஸ் கேட்டார். கனத்த ஊசலொன்றைத் தொங்கவிட்டு, அதன் மரப் பலகையில் குண்டைச் சுட்டார். ஊசல் எவ்வளவு தூரம் பின்வாங்கியது என்பதை அளந்து, குண்டின் வேகத்தைக் கணித்தார். முக்கால் அங்குலக் குண்டு வினாடிக்குச் சுமார் 1,700 அடி வேகத்தில் பாய்வதையும், அந்த வேகத்தில் காற்று அதனை எதிர்த்துத் தள்ளும் பலம் குண்டின் எடையைப்போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்டது என்பதையும் கண்டார். இவற்றையெல்லாம் 1742-ல் நூலாக வெளியிட்டார். 1746-ல் ராயல் சொஸைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துக் கௌரவித்தது.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. துப்பாக்கியை அசையாமல் இறுக்கிக் கட்டிச் சுட்டாலும், ஒரு குண்டு இடப்புறமும் மற்றொன்று வலப்புறமும் விலகுவது ஏன்? அக்காலக் குண்டு குழலின் துவாரத்தைவிடச் சிறியது. அது உட்சுவரில் உரசி, மனம்போன திசையில் சுழன்றபடி வெளியேறுகிறது. சுழலும் உருண்டையின் ஒரு பக்கம் காற்றை எதிர்த்தும், மறுபக்கம் காற்றோடு இசைந்தும் நகருவதால், காற்று அதை ஒருபுறமாகத் தள்ளுகிறது. இதை நிரூபிக்க அவர் குழலின் முனையை இடப்பக்கமாக வளைத்தார். எதிரே காகிதத் திரைகளை நிறுத்திச் சுட்டார். குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்னர் வளைந்து வலப்புறம் போய் விழுந்தது! குழலின் வலச்சுவரில் உரசியதால் பெற்ற சுழற்சியே அதன் காரணம்.

நோயைக் கண்டவர் மருந்தையும் கண்டார். சுழற்சியைத் தடுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒழுங்கு கற்பிக்கலாம். குழலின் உட்புறத்தில் திருகுபுரி போன்ற பள்ளங்களை வெட்டி, அவற்றை இறுகப் பற்றும் குண்டைச் செலுத்தினால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும், எப்பக்கமும் விலகாது. இத்தகைய ரைபிள்களை வேட்டைக்காரர்கள் முன்னரே கையாண்டனர். அவை ஏன் குறி தவறுவதில்லை என்று விளக்கியவர் ராபின்ஸ். முட்டை வடிவக் குண்டு இன்னும் சிறக்கும் என்றும், இந்த ஆயுதத்தின் இயல்பை முற்றும் உணர்ந்து கைக்கொள்ளும் தேசம் பிற தேசங்களை விஞ்சும் என்றும் 1747-ல் அவர் எடுத்துரைத்தார்.

இன்றைய சிறுதுவார ரைபிள்களின் கோளாறுகளையும் இந்த அறிவைக் கொண்டே ஆராய வேண்டும். நீண்டு கூர்ந்த குண்டில் காற்றின் அமுக்கம் அதன் எடைமையத்துக்கு முன்னால் தாக்கி, அதைப் புரட்டப் பார்க்கிறது. வேகமாகச் சுழலும் பம்பரம் விழாது நிற்பதுபோல், போதிய சுழற்சியுள்ள குண்டு புரளாது நிற்கிறது. துவாரம் சிறுத்தால் எடைக்காகக் குண்டை நீட்ட வேண்டும். நீண்ட குண்டுக்கு விரைந்த சுழற்சி வேண்டும். விட்டம் மாறாமல் நீளம் இருமடங்கானால், ஒரு முழுச் சுற்றுக்குரிய குழல் தூரம் பாதியாக வேண்டும் என்பது 1879-ல் கிரீன்ஹில் வகுத்த விதி. புரி தளர்ந்திருந்தாலும், பள்ளங்கள் தேய்ந்தாலும், ஈயம் படிந்தாலும், குண்டு துவாரத்துக்குச் சிறிதானாலும் சுழற்சி குன்றும். குழல்வாயின் விளிம்பு சிதைந்தால், வெளிப்படும் வாயு குண்டைச் சாய்த்துவிடும். அப்போது குண்டு குட்டிக்கரணமிட்டுச் செல்லும். குறிப்பலகையில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் போன்ற கிழிசல் தோன்றும். அமெரிக்கரின் எம்-16 ரைபிளும் இதற்கு விலக்கன்று. 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்த அதன் புரி, கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டை நிலைநிறுத்தப் போதவில்லை. 1963-ல் அதை 12 அங்குலமாகக் குறுக்கினர்.

ராபின்ஸின் சொல்லை அயலார் மதித்தனர். மகா கணித மேதை ஆய்லர் 1745-ல் அவர் நூலை ஜெர்மன் மொழியில் விரிவுரையோடு வெளியிட்டார். அந்நூலைப் பின்னர் இளம் பீரங்கி அதிகாரியான நெப்போலியனும் கற்றுக் குறிப்பெடுத்தான். இங்கிலாந்தோ சில விசேஷப் படைகளுக்கு மட்டும் ரைபிள் கொடுத்து, காலாட்படை முழுவதற்கும் கொடுக்க நூறு வருஷங்களுக்கு மேல் தாமதித்தது. 1853-ம் வருஷத்து என்பீல்டு ரைபிளின் புரியிட்ட குழலில் குண்டை எளிதாக இறக்குவதற்காகவே தோட்டாவில் கொழுப்புத் தடவினர். 1857-ல் வட இந்தியாவில் மூண்ட பெரும் போருக்குப் பொறியாக அமைந்தது அந்தக் கொழுப்பே.

சொந்த நாட்டுச் சேனை செவிசாய்க்காத அறிஞரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1749-ல் தலைமை இஞ்சினீயராக நியமித்தனர். சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்து மீண்டும் பெற்றிருந்த சமயம் அது. புதுச்சேரியில் டூப்ளேயின் கை ஓங்கியிருந்தது. கோட்டைகளைச் செப்பனிட வந்த ராபின்ஸ் 1750 ஜூலையில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையை அடைந்தார். சில மாதங்களில் ஜுரம் கண்டது. தேறி எழுந்தும் உடல் தளர்ந்தது. 1751 ஜூலை 29-ந் தேதி காலமானார். கம்பெனி டைரக்டர்களுக்கு அறிக்கை வரைந்துகொண்டிருந்தபோது, பேனா பிடித்த கையோடு உயிர் நீத்தார் என்பர்.

அவர் காக்க வந்த கோட்டையை ஏழே வருஷங்களில், 1758-ல், பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்தான். கெடில நதி கடலில் கலக்கும் இடத்தருகே இன்று எஞ்சியிருப்பவை சிதைவுகளே. கோட்டை வீழ்ந்தது, கம்பெனியும் மறைந்தது, ராபின்ஸ் கண்ட உண்மை மட்டும் ஒவ்வொரு ரைபிள் குழலிலும் நிலைத்திருக்கிறது. காரணத்தை அறியாமல் கையைப் பழிப்பது எளிது. பழியை நிறுத்திவிட்டு அளவுகோலை எடுப்பவனே குறியை எய்துவான். அவ்வாறு அளந்து சொல்பவனின் வார்த்தையைக் காலத்தில் கேளாத தேசம் நூறு வருஷத்தை இழக்கிறது என்பதே இச்சரிதம் புகட்டும் பாடம்.