விம்பிள்டன் காலிறுதியில் முதல் இந்தியர்: யார் இந்த கவுஸ் முகமது?

இந்திய டென்னிஸ் என்றதும் நம்மாளுங்க சட்டென்று சொல்லும் பெயர், நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன். ஆனால் அவருக்கு முன்பே விம்பிள்டனில் முத்திரை பதித்தவர் ஒருவர் உண்டு.

லக்னோ அருகே மலிஹாபாத்தில் 1915-ல் பிறந்த கவுஸ் முகமதுதான் அவர். 1939-ல் விம்பிள்டன் ஒற்றையர் காலிறுதிக்குப் போன முதல் இந்தியர். அங்கே அமெரிக்காவின் பாபி ரிக்ஸிடம் நேர் செட்களில் தோற்றார். அந்த ஆண்டு ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என மூன்று பட்டங்களையும் அள்ளியவர் ரிக்ஸ். தோற்றது லேசுப்பட்ட ஆளிடம் இல்லை.

அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றால், செப்டம்பரிலேயே உலகப் போர் வெடித்தது. 1940 முதல் 1945 வரை விம்பிள்டனே நடக்கவில்லை. ஆட வேண்டிய வயசில் 6 ஆண்டுகள் அப்படியே போச்சு.

காலிறுதியைத் தாண்டி ஒரு இந்தியர் அரையிறுதியில் கால்வைக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாண்டியவர், நம்ம கிருஷ்ணன்!