வீடு தேடி வந்த லட்சுமி

தாமரை மேல் லட்சுமி நிற்கிறாள். அருகே யானை. புடவையும் நகையும் நம் வீட்டுப் பெண்களைப் போலவே!

இந்தப் படத்தை எத்தனையோ பூஜை அறைகளில் பார்த்திருப்பீர்கள். இதை வரைந்தவர் ராஜா ரவி வர்மா.

கேரளத்தில் உள்ள கிளிமானூரில் 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி பிறந்தார். சிறு வயதில் அரண்மனைச் சுவரில் கரியால் படம் கிறுக்குவாராம். மாமா ராஜராஜ வர்மா அதைப் பார்த்துத் திட்டாமல், சித்திரம் கற்றுக்கொடுத்தார். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கும் அழைத்துப் போனார்.

எண்ணெய் வர்ணம் அப்போது அங்கே புதுசு. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். பாடம் சொல்லித்தர அவருக்கு மனமில்லை. வரையும்போது நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவி வர்மாவுக்கு அது போதுமே! வர்ணத்தைக் குழைக்கும் விதத்தையும் பூசும் விதத்தையும் கண்ணாலேயே கற்றுக்கொண்டார்.

1873-ல் வியன்னா கண்காட்சியில் பரிசு. மகாராஜாக்கள் அவரைத் தேடி அழைத்தார்கள். ஆனால், அரண்மனையில் மாட்டிய படத்தை ஏழை எப்படிப் பார்ப்பான்?

படங்களை அச்சடிக்கும்படி திவானாக இருந்த சர் டி. மாதவராவ் யோசனை சொன்னார். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. இயந்திரமும் தொழில் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கல். ஒரே தாளைக் கல் மாற்றி மாற்றிப் பல முறை அச்சில் கொடுக்க வேண்டும்.

அக்காலத்தில் தாழ்த்தப்பட்டவர்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். சாமியின் முகத்தைக் கூட அவர்கள் பார்த்ததில்லை. காகிதத்தில் வந்த சாமி யாரையும் சாதி கேட்கவில்லை. குடிசைச் சுவரில் மாட்டி, விளக்கேற்றிக் கும்பிட முடிந்தது.

அச்சகத்தால் ரவி வர்மாவுக்குக் கடன்தான் மிச்சம். அங்கே வேலை பார்த்த ஜெர்மானியருக்கே அதை விற்றுவிட்டார். 1905-ல், கூடவே இருந்து உதவிய தம்பி இறந்தார். மறு ஆண்டு, 1906 அக்டோபர் 2-ந் தேதி, ரவி வர்மாவும் கிளிமானூரில் காலமானார்.

திருவாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ந் தேதிதான். அவர் இறந்து 30 ஆண்டு ஆகியிருந்தது.

அவருடையது வெள்ளைக்காரன் பாணி என்று கலைஞர்கள் சிலர் குறை சொன்னார்கள். சொல்லட்டும். 1947-ல் வெள்ளைக்காரன் கப்பலேறினான். லட்சுமி பூஜை அறையிலேயே இருந்தாள். சிவகாசிக் காலண்டர்களில் இன்றும் அவள் சாயல் தெரிகிறது.