பட்டம் வாங்காத நகரத் திட்டப் பேராசிரியர்

கடந்த ஆண்டு, நகரத் திட்டமிடலில் முதுகலை படிக்க எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று உள்நாட்டில், மற்றொன்று இங்கிலாந்தில். கிள்ளானில் எங்கள் வீடே இரண்டுபட்டது. அப்பா தம் இபிஎஃப் சேமிப்பை எடுக்கவும் தயாராக இருந்தார். மாமா பல்கலைக்கழகத் தரவரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வழிகாட்டியது பேட்ரிக் கெடஸ் என்பவரின் வாழ்க்கை.

கெடஸ் 1854-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்து, ஒரே வாரத்தில் விலகினார். பிறகு லண்டனில் உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றார். கடைசிவரை பட்டம் எதுவும் வாங்கவில்லை. 1879-இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றபோது சில காலம் கண்பார்வை இழந்தார். அதன்பின் நுண்ணோக்கியில் வேலை செய்வது கடினமாயிற்று. செடியை அது வளரும் சூழலோடு சேர்த்துப் பார்த்தவர், மனிதனையும் அவன் வாழும் ஊரோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்.

1886-இல் திருமணம் ஆனதும், எடின்பரோ பழைய நகரின் நெரிசலான குடியிருப்பில் மனைவி அன்னாவுடன் குடியேறினார். அங்கேயே வாழ்ந்து, வீடுகளைச் சுத்தம் செய்து வெள்ளையடித்துச் சீரமைத்தார். 1888-இல் டண்டீயில் தாவரவியல் பேராசிரியரானார்.

1914-இல் சென்னை ஆளுநரின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மனியின் எம்டன் மூழ்கடித்தது. அதே மாதம் பினாங்கு துறைமுகத்தைத் தாக்கியதும் இந்த எம்டன்தான். கெடஸ் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

அடுத்து மதுரை, தஞ்சாவூர் போன்ற ஊர்களின் தெருக்களில் நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசல் என்றால் வரிசையாக வீடுகளை இடித்து அகலச் சாலை போடுவது அன்றைய வழக்கம். கெடஸ், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல முதலில் ஊரை ஆராயச் சொன்னார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றினால் போதும், காற்றும் வெளிச்சமும் வரும், மற்றவர்கள் வீடிழக்க வேண்டியதில்லை என்று காட்டினார். 1917-இல் மகனைப் போரிலும், சில வாரங்களில் மனைவியை நோயிலும் இழந்தார். அப்போதும் பணியை விடவில்லை. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைச் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராக அமர்த்தியது. 1932-இல் பிரான்சில் காலமானார்.

பட்டமில்லாமல் திட்டமிடுநராவது இன்று இயலாது. எனவே மலேசிய நகரத் திட்டமிடுநர் வாரியம் அந்தப் படிப்பை ஏற்கிறதா என்று முதலில் பார்த்தேன். பிறகு இரு பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: மாணவர்கள் எத்தனை வாரம், எந்த ஊரில் களப்பணி செய்வார்கள்? நான் வேலை செய்யப்போவது இந்த மண்ணில். வாரக்கணக்கில் இங்குள்ள தெருக்களில் நடக்க வைக்கும் படிப்பையே தேர்ந்தெடுத்தேன். அப்பாவின் சேமிப்பும் தப்பியது.

இப்போது சனிக்கிழமைகளில் பிரிக்பீல்ட்ஸ் ஐந்தடிகளில் குறிப்பேட்டோடு நடக்கிறேன். பூக்கடைக்கு முன்னால் நடப்பவர்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது, வெள்ளைக்கோலுடன் வருபவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்கிறேன். உங்கள் கையிலும் இரண்டு கடிதங்கள் இருந்தால், தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் பாடத்திட்டத்தில் களப்பணி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.