இருட்டறைச் சிறுவனைத் தேடிப் போனவர்

(டிசம்பர் மாத இதழ் – பெரியோர் வாழ்விலே பகுதி)



டிசம்பர் மாதம் என்பதால் கிறிஸ்துமஸ் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தோம். ஸ்டார், குடில், கேக் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வேறு ஒன்றை எடுத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் பல ஊர்களில் பாதிரியார்களும் சிஸ்டர்களும் சிறைச்சாலைக்குள் போய், கைதிகளோடு பாட்டுப் பாடி, கேக்கும் துணியும் கொடுத்துவிட்டு வருவார்கள். சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பது இயேசுவையே போய்ப் பார்த்த மாதிரி என்று மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது. அதனால்தான் போகிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம திருச்சியில் வாழ்ந்த ஒருவர் அப்படிப் போயிருக்கிறார். அவர் போய்ப் பார்த்தது ஒரு சின்னப் பையனை!

அவர் பெயர் கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ். ஜனங்கள் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்பார்கள். (அந்தக் காலத்தில் பாதிரிமாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்களாம். ஸ்ரீரங்கத்து நண்பர்கள் குழம்பிக்க வேண்டாம்!) இவர் 1726-ஆம் ஆண்டு ஜெர்மானியர் நாட்டில் சோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தார். இப்போது அந்த ஊர் போலந்து நாட்டில் இருக்கிறது. சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட்டார். ஹாலே என்ற ஊரில் படிக்கும்போதே தமிழ் கற்க ஆரம்பித்துவிட்டார். 1750-ல் கப்பலேறித் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். வந்த நாலே மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார் என்றால் பாருங்களேன். பிறகு மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி, போர்ச்சுகீசியம் என்று வரிசையாகக் கற்றுக்கொண்டார். நமக்கு ஒரு இங்கிலீஷே மூச்சு வாங்குது.

1762-ல் திருச்சிக்கு வந்தார். அப்போது நம்ம ஊர் சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கோட்டைக்குள்ளே சிப்பாய்கள், வெளியே பாழடைந்த வீடுகள். மலைக்கோட்டையிலிருந்து பார்த்தால் ஸ்ரீரங்கம் அவருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் நாம் பார்க்கிற ராஜகோபுரம் தெரிந்திருக்காது. அது 1987-ல்தான் கட்டி முடிந்தது. அவர் காலத்தில் அது மொட்டைக் கோபுரம்.

ஒரு பழைய கட்டடத்தில் ஒரு அறைதான் அவருக்கு வீடு. கட்டில் போட்டால் ஆள் நிற்க இடம் இருக்காது. சோறும் காய்கறியும் நம்ம ஊர்ப் பக்குவத்தில் சாப்பிட்டார். சம்பளம் மிகவும் குறைவு. 1763-ல் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பல பேர் செத்துப் போனார்கள். பிள்ளைகள் அனாதையாக நின்றார்கள். ஸ்வார்ட்ஸ் ஐயர் கையேந்திப் பணம் சேர்த்து அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். அடுத்த வருஷம் மதுரைக் கோட்டை முற்றுகை நடந்தது. மருதநாயகம் என்கிற கான் சாகிபு உள்ளேயிருந்து சண்டை போட்டாரே, அதேதான். அங்கே போய்க் காயம்பட்டவர்களைக் கவனித்தார். அதற்காக ஆற்காடு நவாப் 300 வராகன் கொடுத்தார். அதையும் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கிறிஸ்து ஆலயம் 1766-ல் இவர் முயற்சியால் எழும்பியது. பிஷப் ஹீபர் பள்ளி தன்னுடைய ஆரம்பத்தை இவரிடமிருந்துதான் கணக்குச் சொல்கிறது.

1778-ல் தஞ்சாவூருக்குக் குடி போனார். 1779-ல் மைசூர் ஹைதர் அலியிடம் சமாதானம் பேச கிழக்கிந்தியக் கம்பெனி இவரைத்தான் அனுப்பியது. ஹைதர் அலி கம்பெனிக்காரர்களை நம்பமாட்டார், இந்தப் பாதிரியாரை நம்புவார். சமாதானம் என்னவோ நடக்கவில்லை, மறு வருஷமே சண்டை வந்துவிட்டது. தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே விவசாயிகளிடம் நெல் இருந்தும் கொடுக்க மறுத்தார்கள், ஏனென்றால் முன்னால் கொடுத்ததற்கே காசு வரவில்லை. ஸ்வார்ட்ஸ் ஐயர் நான் பொறுப்பு என்று சொன்னதும் ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் உள்ளே வந்தது. அவர் வாக்குக்கு அவ்ளோ மதிப்பு.

இப்போது அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

தஞ்சை மன்னர் துளஜாஜிக்குப் பிள்ளைகள் எல்லாம் இறந்து போனார்கள். 1787-ல் உறவிலிருந்து சரபோஜி என்ற பையனைத் தத்து எடுத்தார். அவனுக்கு அப்போது ஒன்பது வயசு. மன்னர் படுத்த படுக்கை. அவர் ஸ்வார்ட்ஸ் ஐயரைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு நீங்கள்தான் பாதுகாவலர் என்று ஒப்படைக்கப் பார்த்தார். ஐயர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஊழியக்காரன், எப்போதாவது வந்து பார்க்கத்தான் முடியும், உங்கள் தம்பி அமர்சிங்கிடம் ஒப்படையுங்கள் என்று யோசனை சொன்னார். மன்னரும் அப்படியே செய்துவிட்டு இறந்து போனார்.

அமர்சிங்கு என்ன செய்தார் தெரியுமா? தத்து செல்லாது என்று சில பண்டிதர்கள் சொன்னதை வைத்துக்கொண்டு தானே அரசராகிவிட்டார். கம்பெனியும் தலையாட்டியது. பையனை அரண்மனைக்குள்ளேயே ஒரு அறையில் போட்டு அடைத்தார்கள். வாத்தியார் கிடையாது, விளையாட்டு கிடையாது, வெளியே விடுவதும் கிடையாது. அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. சிம்மாசனத்துக்கு உரிமைக்காரன், அதுதான் அவன் செய்த குற்றம்.

விஷயம் தெரிந்து ஸ்வார்ட்ஸ் ஐயர் அவனைப் பார்க்கப் போனார். பகல் நேரம்தான். ஆனால் பையன் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த அறைக்குள் சூரிய வெளிச்சம் வராது. ஐயரைப் பார்த்ததும் அவன் ஒரு கேள்வி கேட்டானாம். சூரியனையும் சந்திரனையும் பார்க்க விடாமல் பிள்ளைகளை அடைத்து வைக்கிற வழக்கம் உங்கள் ஐரோப்பாவிலும் உண்டா என்பதுதான் அந்தக் கேள்வி. இதைப் படித்தபோது எனக்கு அடுத்த வரிக்குப் போகவே முடியவில்லை. விட்டுவிடுங்கள் என்று அவன் கெஞ்சவில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தானோ என்று கேட்டிருக்கிறான். வெளி உலகம் எப்படி என்றே அவனுக்கு மறந்து போயிருக்கும்போல.

அமர்சிங்கிடம் ஒப்படைக்கச் சொன்னதே இவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் நினைத்தேன். அவர் மனசிலும் அது உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர் அந்தப் பையனை விடவே இல்லை. ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. சென்னையில் கம்பெனி கவர்னருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அரண்மனைக்காரர்கள் அவர்மேல் கோபப்பட்டார்கள். கம்பெனிக்காரர்களுக்கும் முதலில் இதில் அக்கறை இல்லை. வயசு அறுபதைத் தாண்டிவிட்டது, உடம்பும் தளர்ந்துவிட்டது. அப்படியும் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் பையனுக்குக் காவலாகக் கம்பெனி சிப்பாய்களை நிறுத்தினார்கள். படிப்புக்கும் ஏற்பாடு ஆனது. அப்புறமும் தொந்தரவு நிற்கவில்லை என்றதும், 1793 ஜனவரியில் சரபோஜியையும், துளஜாஜியின் மனைவிமாரையும் சென்னைக்கே அனுப்பி வைத்தார்கள். ஸ்வார்ட்ஸ் ஐயரும் கூடவே போனார்.

அப்போது சரபோஜிக்கு 15 வயசு. நம்மைவிட ஒரு வயசுதான் மூப்பு. நாம் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு என்று படித்துத் தாண்டிய வருஷங்களை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கழித்திருக்கிறார்.

சென்னையில் ஸ்வார்ட்ஸ் ஐயரின் நண்பர் கெரிக்கே பாதிரியாரின் மேற்பார்வையில் சரபோஜி படித்தார். தத்து விஷயத்தில் வேறு பண்டிதர்களைக் கேட்டார்கள், அவர்கள் செல்லும் என்று சொன்னார்கள். 1798 ஜூன் மாதம் சரபோஜி தஞ்சாவூர் அரசர் ஆனார். ஆனால் ஸ்வார்ட்ஸ் ஐயர் அதைப் பார்க்கவில்லை. அதே வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி இறந்துவிட்டார். நாலு மாசம், நாலே மாசம் இருந்திருக்கக் கூடாதா!

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனி சும்மா உதவி செய்யவில்லை. 1799-ல் ஒப்பந்தம் போட்டு நாட்டு நிர்வாகத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது. சரபோஜி கையில் கோட்டையும் உதவித் தொகையும்தான் மிஞ்சின. அவர்கள் கணக்கு அப்படி. ஸ்வார்ட்ஸ் ஐயர் கணக்கு அப்படி இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் தனக்கென்று எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. சரபோஜியும் மதம் மாறவில்லை, கடைசிவரை இந்துவாகவே இருந்தார். மாறினால்தான் பாசம் என்று ஐயரும் இருக்கவில்லை.

படிக்கக் கூடாது என்று அடைத்து வைத்த பையன் பின்னால் என்னவெல்லாம் செய்தார் தெரியுமா? சமூக அறிவியல் புத்தகத்தில் வருகிற சரஸ்வதி மகால் நூலகத்தை இவ்வளவு பெரிதாக்கியவர் அவர்தான். பல மொழிகள் கற்றார். தஞ்சாவூரில் தேவநாகரி எழுத்துக்களோடு அச்சுக்கூடம் வைத்தார். கண் வைத்தியம் செய்து, நோயாளிகளின் கண்களைப் படம் வரைந்து குறிப்பு எழுதி வைத்தார்கள், அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் கட்டி, வருகிறவர்களுக்குச் சோறும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கொடுத்தார்.

தன் குருவுக்காக லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற பெரிய சிற்பியிடம் சொல்லி ஒரு பளிங்குச் சிற்பம் செய்ய வைத்தார். கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தானே கவிதை எழுதினார். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயத்தில் அந்தச் சிற்பம் இருக்கிறது. பெரிய கோயிலுக்கு டூர் போகிறவர்கள் நடந்தே போய்ப் பார்த்துவிடலாம், அவ்வளவு கிட்டத்தில்தான். ஐயர் கட்டிலில் படுத்திருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே பாதிரியார் நிற்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் பக்கத்தில் நிற்கிறார்கள். சரபோஜி அரசர் உடையோடு குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி