வானத்தைப் படம் பிடித்த வைணு பாப்பு!



போன மார்கழியில் ஒரு ராத்திரி. போத்தனூரில் எங்க வீட்டு மொட்டை மாடி. செல்போனை ஒரு செங்கல் மேல சாய்ச்சு வெச்சு, தலைக்கு மேல வரிசையா நிற்கிற அந்த மூணு நட்சத்திரத்தைப் படம் பிடிக்கப் பார்த்தேன். வெளிச்சம் பத்தாதேன்னு எக்ஸ்போஷர் நேரத்தைக் கூட்டினேன். என்னாச்சு தெரியுமா? புள்ளியா வர வேண்டிய நட்சத்திரம் எல்லாம் கோடா வந்துச்சு!

தப்பு கேமராவுடையது அல்ல. பூமி சுற்றுகிறது. மணிக்கு 15 டிகிரி வானம் நகர்ந்துகிட்டே இருக்கு. கேமராவும் அதோட சேர்ந்து நகர்ந்தால்தான் படம் தெளிவா வரும். சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். இதற்காகவே வாழ்ந்த ஒரு மனிதர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் வைணு பாப்பு!

* * *

1927 ஆகஸ்ட் 10. சென்னையில் பிறந்தார். பூர்வீகம் கேரளத்துத் தலச்சேரிப் பக்கம். வளர்ந்தது ஹைதராபாத். அப்பாவுக்கு அங்கே நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. மற்ற பிள்ளைகள் பம்பரம் விட்ட வயசில் இவர் தொலைநோக்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார். யாரும் சம்பளம் கொடுத்துப் பார்க்கச் சொல்லவில்லை. ஆசைதான்! கல்லூரியில் படிக்கும்போதே, ஒளி கூடியும் குறைந்தும் தெரியும் நட்சத்திரங்களைக் கவனித்து, 1946இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுவிட்டார். நம்மைப் போல ஒரு மாணவன்தான் அப்போது!

ஹைதராபாத் அரசின் உதவித்தொகையுடன் 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் போனார். அந்த இடத்துக்கும் வானப் படத்துக்கும் பழைய உறவு உண்டு. சூரியனை விட்டால், முதன்முதலாகப் படம் பிடிக்கப்பட்ட நட்சத்திரமான வேகா, 1850இல் பதிவானது ஹார்வர்டில்தான்.

அந்தக் காலத்துப் படப்பிடிப்பு இன்றைய மாதிரி விரலால் தட்டுகிற வேலை இல்லீங்க. வெள்ளி உப்பு பூசிய கண்ணாடித் தட்டை இருட்டில் மாட்டணும். குளிரில் நின்று, வழிகாட்டும் நட்சத்திரம் நூலிழை விலகாமல் தொலைநோக்கியை நகர்த்திக்கிட்டே இருக்கணும். அப்புறம் இருட்டறையில் கழுவணும். ஒரு நொடி அசந்தால் ராத்திரி பூரா உழைத்தது வீண்!

1949 ஜூலை 2. அப்படி எடுத்த ஒரு தட்டில், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு வால்நட்சத்திரம் சிக்கியது. பேராசிரியர் பார்ட் போக், உடன் படித்த கார்டன் நியூகிர்க் இருவருடன் நம்மவர் பெயரும் சேர்ந்து, அது பாப்பு-போக்-நியூகிர்க் வால்நட்சத்திரம் ஆனது. ஊர் விட்டு ஊர் வந்து சில மாதங்களே ஆன 21 வயசு இளைஞன்! டோனோ பதக்கம் தேடி வந்தது.

பிறகு அமெரிக்காவில் ஆலின் வில்சனுடன் சேர்ந்து நட்சத்திர நிறமாலைகளை ஆராய்ந்தார். அதில் கால்சியம் கோட்டின் அகலத்தை அளந்தாலே நட்சத்திரத்தின் உண்மையான ஒளி எவ்வளவு என்று சொல்லலாம் என 1957இல் காட்டினார்கள். உண்மையான ஒளி தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும். வில்சன்-பாப்பு விளைவு என்று உலகம் இன்றும் படிக்கிறது.

அங்கேயே வசதியாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1953இல் இந்தியா திரும்பினார். 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார். அது சூரியனைப் பார்க்கப் பேர்போன இடம். ஆனால் ராத்திரி நட்சத்திரம் பார்க்க மேகம் விடாது. இடம் தேடி அலைந்து, ஆலங்காயம் பக்கம் ஜவ்வாது மலையில் காவலூரைப் பிடித்தார். நம்ம போத்தனூரில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டையில் இறங்கிப் போகிற தூரம்தான்!

காவலூரில் 1968இல் வேலையைத் தொடங்கிய முதல் தொலைநோக்கி 38 செ.மீ. ஆடி கொண்டது. வெளிநாட்டிலிருந்து வாங்கியதில்லை. கொடைக்கானலில் அவர்களே செய்தது! அடுத்து 1972இல் ஜெர்மனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய 1977 மார்ச் 10ஆம் தேதிப் பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று.

ஆனாலும் அவர் கனவு பெரிசு. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி! கண்ணாடிக் கட்டி மட்டும் வெளிநாடு. தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், நம்ம ஆட்கள். 1979இல் சர்வதேச வானியல் சங்கத்துக்கே தலைவர் ஆனார். 1981இல் பத்மபூஷண். ஆடி மெல்ல மெல்ல உருவாகிக் கொண்டிருந்தது...

1982 ஆகஸ்ட் 19. ஜெர்மனியின் மியூனிக் நகரில், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் மூச்சு நின்றது. வயது 55தான். தான் வாழ்நாளெல்லாம் கனவு கண்ட தொலைநோக்கியில் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை!

ஆனால் வேலை நிற்கவில்லை. அவர் பழக்கிய கைகள் முடித்துக் காட்டின. 1986 ஜனவரி 6இல் பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்பு பெயர். அப்போது இந்தியாவிலேயே பெரியது அதுதான்.

* * *

நண்பர்களே, ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடிக்கும்போது, 0.02 மி.மீ.க்கு இவ்வளவு பாடா என்று நாம முணுமுணுக்கிறோம். அந்த ஆடியில் ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு பிசகினாலும் படம் கலங்கிப் போகும்! நம்ம வேலைக்கும் வானத்துக்கும் இடையில் இருப்பது அந்தக் கை நிதானம் ஒன்றுதான்.

பேரவைக்கு ஒரு கோரிக்கை. ரெண்டு பலகை, ஒரு கீல், ஒரு மி.மீ. பிட்ச் உள்ள எம்6 போல்ட் போதும். கீலின் மையத்திலிருந்து 228.5 மி.மீ. தள்ளி போல்ட்டை மாட்டுங்க. கீலைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரா வையுங்க. நம்ம ஊரில் அது வடக்கே 11 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். பலகை விரியும் திசையில் நிமிஷத்துக்கு ஒரு சுற்று போல்ட்டைத் திருப்பினால், மேல் பலகையில் இருக்கிற கேமரா நட்சத்திரத்தோடவே நகரும். நம்ம ஒர்க் ஷாப்பில் ஒரே நாளில் செய்திடலாம்!

செய்வோமா? அடுத்த ஆண்டு மலரின் அட்டையில், கோடாக இல்லாமல் புள்ளியாக, நாமே எடுத்த வானம் வரட்டும். அதுதான் அந்தப் பெரிய மனிதருக்கு நாம் வைக்கும் மலர்!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை