முப்பது நாள் துக்கம்

எபிரேய மறைநூல் காட்டும் முதல் தலைமைக் குரு ஆரோன். லேவி குலத்து அம்ராமுக்கும் யோகெபேத்துக்கும் மகனாய் எகிப்தில் பிறந்தவர். மோசேக்கு மூன்றாண்டு மூத்தவர். மோசே திக்குவாயர் ஆதலின், பார்வோன் முன்னிலையில் தம்பியின் வாயாக நின்று பேசியவர் அவரே. அப்போது அவருக்கு அகவை 83.

நாவன்மை மிக்க அவரிடம் மறுத்துரைக்கும் உறுதி குறைவு. சீனாய் மலைக்குச் சென்ற மோசே திரும்பி வரக் காலம் தாழ்த்தபோது, தெய்வம் ஒன்று செய்து தருமாறு மக்கள் நெருக்கினர். ஆரோன் அவர்தம் பொற்காதணிகளைத் திரட்டிக் கன்றுக்குட்டி வார்த்தார். அதன் விளைவாக ஏறத்தாழ 3,000 பேர் வாளுக்கு இரையாயினர். மோசேயின் வேண்டுதலால் ஆரோன் பிழைத்தார். தவறிய அவரே பின்னர்த் தலைமைக் குருவாகத் திருப்பொழிவு பெற்றார். பன்னிரு குலங்களின் பெயர் பொறித்த 12 மணிகள் பதித்த மார்ப்பதக்கம் அவர் நெஞ்சில் அணிவிக்கப்பட்டது. மக்கள் அனைவரையும் நெஞ்சில் சுமத்தலே குருவின் கடமை என்பதை அஃது உணர்த்திற்று.

அச்சுமையின் கடுமை விரைவிலேயே புலனாயிற்று. மூத்த மைந்தர் நாதாபும் அபியூவும் விதிக்கப்படாத நெருப்பைத் தூபகலசங்களில் ஏந்திச் சென்று, இறைவன் திருமுன் எரிந்து மாண்டனர். பேச்சில் வல்ல ஆரோன் ஒரு சொல்லும் பேசவில்லை. தலைமுடியைக் கலைத்தலும் ஆடையைக் கிழித்தலுமாகிய துக்கக் குறிகள் அவருக்கு விலக்கப்பட்டன. இஸ்ரவேல் வீட்டார் அனைவரும் அழலாம். பெற்ற தந்தை துக்கங்காத்தல் ஆகாது.

பின்னர்க் கோராகின் கிளர்ச்சி ஒடுங்கிய மறுநாள், மக்கள் மோசேயையும் ஆரோனையும் பழித்து முறுமுறுத்தனர், கொள்ளைநோய் மூண்டது. தம்மைப் பழித்தோரைக் காக்க அம்முதியவர் தூபகலசத்துடன் கூட்டத்தினுள் ஓடி, இறந்தோர்க்கும் இருந்தோர்க்கும் இடையே நின்றார். 14,700 பேரை விழுங்கிய நோய் அவ்விடத்தே தணிந்தது. தம் மைந்தரை இழந்ததும் தூபநெருப்பால். பிறர் மைந்தரைக் காத்ததும் தூபநெருப்பால்.

மேரிபாவில் பாறையினின்று நீர் வருவித்தபோது இறைசொல்லை மீறினமையால், கானான் நாட்டினுள் புகும் பேறு உடன்பிறந்தார் இருவருக்கும் மறுக்கப்பட்டது. எகிப்தை விட்டு நீங்கிய 40ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதத்து முதல் நாள், மக்கள் அனைவரும் காண, மோசேயும் ஆரோனும் ஆரோனின் மகன் எலெயாசாரும் ஓர் என்னும் மலைமீது ஏறினர். உச்சியில் மோசே ஆரோனின் குருத்துவ ஆடைகளைக் களைந்து எலெயாசாருக்கு அணிவித்தார். 123ஆம் அகவையில் ஆரோன் அங்கே உயிர் நீத்தார். ஏறியவர் மூவர், இறங்கியவர் இருவர். மக்கள் உணர்ந்துகொண்டனர், 30 நாள் துக்கங்காத்தனர்.

மோசே மறைந்தபோதும் துக்கம் 30 நாளே. எனினும் அவருக்காக அழுதோரை இஸ்ரவேல் மக்கள் என்று மட்டும் கூறும் மறைநூல், ஆரோனுக்காக அழுதோரை இஸ்ரவேல் வீட்டார் அனைவரும் என விரித்துரைக்கிறது. ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே அழுதனர் என யூத அறிஞர் இதற்குப் பொருள் கண்டனர். பகைத்த அயலாரையும் பிணங்கிய கணவன் மனைவியரையும் தேடிச் சென்று இணக்குவித்தவர் ஆரோன் என்பது அவர்தம் மரபு. ஜோர்தானில் பெத்ரா நகரின் அருகே, அவர் அடக்கத்தலம் எனப் போற்றப்படும் மலை, ஹாரூன் மலை என அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

மைந்தர் மாண்ட அன்று, அவர்களுக்காக அழும் கடமை பெற்றோரைக் குறித்ததும் இஸ்ரவேல் வீட்டார் அனைவரும் என்னும் இதே தொடரே. அன்று ஆரோன் அடக்கிய அழுகையை ஓர் மலையடிவாரத்தில் ஒரு மக்களினமே அவருக்காக அழுது தீர்த்தது.